திருவிழாவுக்கு 7 லட்சம் பேர்... மொழி பேச 1 லட்சம் பேர்! பிரான்ஸின் பிரிட்டனியில் சுற்றுலா எதைக் காப்பாற்றுகிறது?

பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் பிரிட்டனி. இங்குள்ள லோரியான் என்ற துறைமுக நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் இசைத் திருவிழாவுக்கு மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். ஆனால், அந்தத் திருவிழா யாருடைய பண்பாட்டைக் கொண்டாடுகிறதோ அவர்களின் மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் இப்போது சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர்தான்.

பாட்டுக்கும் நடனத்துக்கும் இவ்வளவு கூட்டம் வரும்போது, மொழி மட்டும் ஏன் தேய்கிறது? சுற்றுலாப் பணம் கைவினைஞர்களுக்குப் போய்ச் சேருகிறதா? பண்பாட்டுச் சுற்றுலாவால் எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது? விரிவாகப் பார்க்கலாம்.

பிரிட்டனி என்பது பிரிட்டனா?

இல்லை. ஆனால் பெயரில் தொடர்பு உண்டு. சுமார் 5, 6-ம் நூற்றாண்டுகளில் இன்றைய பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய கெல்டிக் மக்கள்தான் பிரெட்டன்கள். அவர்கள் கூடவே கொண்டுவந்த மொழி பிரெட்டன்.

பிரெஞ்சு மொழி லத்தீனிலிருந்து பிறந்தது. பிரெட்டன் அப்படி இல்லை. அது கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில் பேசப்படும் வெல்ஷ் மொழியும் அதற்கு நெருங்கிய சொந்தம். பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஒருவருக்கு பிரெட்டனில் பேசினால் ஒரு வாக்கியம்கூடப் புரியாது.

தனி அரசாட்சியாக இருந்த பிரிட்டனி, 1532-ல் பிரான்ஸுடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1464-ல், பிரெட்டன், பிரெஞ்சு, லத்தீன் ஆகிய 3 மொழிகளுக்கும் சேர்த்து ஒரு அகராதி எழுதப்பட்டுவிட்டது. 'கத்தோலிக்கோன்' என்ற அந்த நூல் 1499-ல் அச்சானது. பிரெட்டனுக்கு மட்டுமல்ல, பிரெஞ்சு மொழிக்கும் அதுதான் முதல் அகராதி என்று சொல்லப்படுகிறது.

அப்படிப்பட்ட மொழி எப்படிச் சரிந்தது?

1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 'ஒரே குடியரசு, ஒரே மொழி' என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1794-ல் அபே கிரெகுவார் என்ற பாதிரியார் நாடாளுமன்றத்தில் அளித்த அறிக்கை, வட்டார மொழிகளை ஒழித்து பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறியது.

1881, 1882-ம் ஆண்டுகளில் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெர்ரி கொண்டுவந்த சட்டங்களால் இலவசக் கட்டாயக் கல்வி வந்தது. படிப்பு எல்லோருக்கும் கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் வகுப்பறையில் பிரெஞ்சுக்கு மட்டும்தான் இடம். பிரெட்டனில் பேசி மாட்டிக்கொள்ளும் மாணவரின் கழுத்தில் ஒரு பழைய மரச்செருப்பு போன்ற பொருளைத் தொங்கவிடுவார்கள். இன்னொரு மாணவர் பிரெட்டன் பேசி மாட்டினால் அது அவர் கழுத்துக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. நண்பனையே நண்பன் காட்டிக்கொடுக்க வைத்த முறை இது.

இப்படி வளர்ந்தவர்கள் பெற்றோர் ஆனபோது, 'நாம பட்ட அவமானம் நம்ம பிள்ளைக்கு வேண்டாம்' என்று வீட்டிலேயே பிரெஞ்சில் பேசத் தொடங்கினர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது வேகமெடுத்தது. 1950 வாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் பேசிய மொழி, 2018 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேருக்குச் சுருங்கியது. அவர்களிலும் பெரும்பாலானோர் முதியவர்கள். அந்தத் தலைமுறை மறைய மறைய, 2024 கணக்கெடுப்பில் எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரமாகி, 6 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

சரி, இதுல சுற்றுலாவுக்கு என்ன பங்கு?

பிரான்ஸுக்கு 2024-ல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 10 கோடி பேர். இவ்வளவு பேரும் பாரிஸை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், மற்ற ஊர்களுக்கு என்ன லாபம்? அதனால்தான் ஒவ்வொரு வட்டாரமும் தன் தனித்தன்மையை முன்னிறுத்துகிறது. பிரிட்டனியிடம் அப்படிக் காட்ட இசை, நடனம், உடை, பீங்கான், உணவு என நிறையவே இருக்கிறது.

முதலில் நடனம். 'ஃபெஸ்ட்-நோஸ்' என்றால் பிரெட்டனில் 'இரவுத் திருவிழா'. ஒரு காலத்தில் விவசாய வேலை முடிந்த இரவுகளில் களத்துமேட்டில் கூடி ஆடியது இது. புதிதாகப் போட்ட மண் களத்தைக் காலால் மிதித்து இறுக்கவே ஊரைக் கூட்டி ஆடவிட்ட வழக்கமும் இருந்தது. உழவு வாழ்க்கை மாறியதும் ஆட்டமும் மறையத் தொடங்கியது.

1950-களில் லோயிஸ் ரோபார்ஸ் என்ற பாடகரும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் இதைக் களத்துமேட்டிலிருந்து ஊர் மண்டபத்துக்குக் கொண்டுவந்தனர். ஒருவர் ஒரு அடி பாட, அதன் கடைசிச் சொற்களைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் திருப்பிப் பாடும் 'கான் ஹா டிஸ்கான்' பாட்டுமுறைக்கும் மறுவாழ்வு கிடைத்தது. இன்று ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ஃபெஸ்ட்-நோஸ் நடக்கின்றன. 2012-ல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஃபெஸ்ட்-நோஸ் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நிகழ்ச்சி அல்ல. வெளியூரிலிருந்து வந்தவரும் பக்கத்தில் இருப்பவரின் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிடலாம். பயணிக்காகத் தனியாக ஒரு நிகழ்ச்சி தயாரிக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்துவதில் பயணி கலந்துகொள்கிறார்.

லோரியானும் புதுச்சேரியும்: ஒரு பழைய தொடர்பு

7 லட்சம் பேர் கூடும் 'அந்தர்கெல்டிக்' திருவிழா 1971-ல் லோரியானில் தொடங்கியது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதல் ஸ்பெயினின் கலீசியா வரை கெல்டிக் மரபைக் கொண்டாடும் பகுதிகளின் கலைஞர்கள் சுமார் 10 நாட்கள் இங்கே கூடுகிறார்கள். நகரின் நடுவே நடக்கும் பெரிய ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் பங்கேற்பார்கள்.

லோரியான் என்ற பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் பொருள். 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவாக்கப்பட்ட துறைமுகம் இது. புதுச்சேரியில் அந்தக் கம்பெனி 1674-ல் காலூன்றியது. பின்னர் நம் சோழமண்டலக் கடற்கரையின் பருத்தித் துணிகள் கப்பலேறிப் போய் இறங்கிய இடம் லோரியான். அருகிலுள்ள போர்-லூயி கோட்டையில் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் தளம் இங்கே இருந்ததால், 1943-ல் நேச நாடுகள் போட்ட குண்டுகளில் நகரமே தரைமட்டமானது. பழைய கட்டடங்கள் அதிகம் இல்லாத ஊர். காட்டுவதற்கு அரண்மனை இல்லாத நகரம், இசையை வைத்தே உலகப் பயணிகளை வரவழைத்திருக்கிறது.

ஊர்வலத்தில் வரும் 'பகாட்' குழுக்களின் முக்கிய வாத்தியங்களில் ஒன்று பொம்பார்ட். நம் நாதஸ்வரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. சத்தமும் அதே மாதிரி ஊரையே எழுப்பும். இந்தக் குழுக்கள் ஊருக்கு ஊர் சிறுவர்களுக்கு இசை கற்றுக்கொடுக்கின்றன. திருவிழா மேடை இருப்பதால் பயிற்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. சுற்றுலாவால் கிடைத்த தெளிவான நன்மை இது.

கைவினைஞர்களுக்கு என்ன கிடைக்கிறது?

கேம்பேர் நகரின் மண்பாண்டத் தொழில் 1690-ல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. சுட்ட மண்ணுக்கு வெள்ளை மெருகு பூசி, அதன்மேல் தூரிகையால் கையாலேயே வரைவார்கள். ஒரே தொடுதலில் ஒரு இதழ், ஒரு இலை என்று போகும் அந்த வேலைக்குக் கைப்பழக்கம்தான் மூலதனம்.

இந்தப் பாத்திரங்களில் அதிகம் காணப்படும் படம், பாரம்பரிய உடையில் நிற்கும் ஒரு குட்டி பிரெட்டன் உருவம். பழங்காலத்திலிருந்தே இருப்பது போலத் தோன்றும். உண்மையில், 1863-ல் கேம்பேருக்கு ரயில் வந்து, பயணிகள் கூட்டம் கூடிய பிறகு, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது பிரபலமானது. அதாவது, இன்று 'மரபு' என்று நாம் வாங்கும் அந்தப் படத்தை உருவாக்கியதிலேயே சுற்றுலாவுக்குப் பங்கு இருக்கிறது!

பிகூடென் பகுதியின் லேஸ் கதை வேறு மாதிரி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடற்கரையில் மத்தி மீன் வரத்து திடீரென நின்றுபோனது. வலைக்கும் வேலையில்லை, மீன் பதப்படுத்தும் ஆலைக்கும் வேலையில்லை. அப்போது மீனவக் குடும்பங்களைக் காப்பாற்றியது, ஐரிஷ் முறையில் கொக்கி ஊசியால் பின்னும் லேஸ் வேலை. அந்தப் பகுதிப் பெண்கள் தலையில் வைத்த, கோபுரம் போல உயர்ந்த லேஸ் தொப்பியை இன்று போன்-லாபே ஊரின் அருங்காட்சியகத்திலும் திருவிழாக்களிலும்தான் பார்க்க முடிகிறது.

லோக்ரோனான் இன்னொரு உதாரணம். சணல் நூலில் பாய்மரத் துணி நெய்து கப்பல்களுக்கு விற்றுப் பணக்கார ஊரானது. தொழில் போனதும் ஊர் உறைந்துபோனது. கருங்கல் வீடுகள் அப்படியே நின்றன. அதுவே பின்னாளில் வருமானமாக மாறியது. 1982-ல் தொடங்கிய 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்' சங்கத்தில் இது இடம்பெற்றுள்ளது. 2,000 பேருக்கு மிகாத மக்கள்தொகை, குறைந்தது 2 பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் ஆகியவை இதில் சேர்வதற்கான நிபந்தனைகள்.

போலிகளை எப்படித் தடுக்கிறார்கள்?

ஒரு ஊருக்குப் பேர் வந்தாலே போலிச் சரக்கும் பின்னாடியே வந்துவிடும். தெற்கு பிரான்ஸில் கத்திகளுக்குப் பேர்போன லயோல் கிராமத்துக்கு நடந்தது இதுதான். அந்த ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழிலதிபர் 1993-ல் 'லயோல்' என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்தார். வெளிநாட்டில் தயாரான பொருட்கள் அந்தப் பெயரில் விற்பனையாகின. ஊர்ப் பெயரை ஊரே பயன்படுத்த முடியாத நிலை. கோபமடைந்த மக்கள் 2012-ல் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றிப் போராட்டம் நடத்தினர்.

இதுபோன்ற வழக்குகளுக்குப் பிறகு, உணவுப் பொருட்களுக்கு மட்டும் இருந்த புவிசார் குறியீட்டை 2014-ல் கைவினை மற்றும் தொழிற்பொருட்களுக்கும் பிரான்ஸ் விரிவாக்கியது. பிரிட்டனி கருங்கல்லும் லிமோஜ் பீங்கானும் 2017-ல் இந்தக் குறியீட்டைப் பெற்றன.

இதுதவிர, 2005-ம் ஆண்டு சட்டத்தின்படி 'வாழும் பாரம்பரிய நிறுவனம்' என்ற அரசு முத்திரையும் வழங்கப்படுகிறது. அரிய கைத்திறனைக் காத்துவரும் தொழிலகங்களுக்கான இந்த முத்திரை 5 ஆண்டுகள் செல்லும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் இது இருக்கிறது. பயணிக்கு இது சுலபமான அடையாளம். கடை வாசலில் இந்த முத்திரை இருந்தால், பணம் எங்கே போகிறது என்று ஓரளவு நம்பலாம்.

எல்லாக் கைவினையையும் பயணிகளே காப்பாற்றிவிட முடியுமா?

முடியாது. நார்மண்டி பகுதியின் அலான்சோன் நகரில் ஊசியால் செய்யப்படும் லேஸ், 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் செய்ய 7 மணி நேரம் ஆகும். தொழிலை முழுதாகக் கற்க 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். நியாயமான கூலி போட்டு விலை வைத்தால், எந்தப் பயணியும் நினைவுப் பொருளாக வாங்க முடியாது. அதனால் பிரெஞ்சு அரசே அங்கே ஒரு தேசியப் பட்டறையை நடத்தி, லேஸ் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

ஆக, சீக்கிரம் செய்து, பலரும் வாங்கக்கூடிய விலைக்கு விற்க முடிகிற பொருளுக்குச் சுற்றுலா கைகொடுக்கும். அதிக நேரம் பிடிக்கும் வேலைக்கு அரசு வேண்டும். அப்படியானால் விற்கவே முடியாத ஒன்றுக்கு யார் கைகொடுப்பது? மொழியின் பிரச்சனை அங்கேதான் இருக்கிறது.

மொழியை ஏன் சுற்றுலாவால் காப்பாற்ற முடியவில்லை?

பயணி ஒரு பீங்கான் கிண்ணம் வாங்குகிறார். நடன வரிசையில் சேர்கிறார். 'க்வின்-அமான்' என்ற வெண்ணெய்க் கேக்கைச் சாப்பிடுகிறார். அந்தப் பெயருக்கு பிரெட்டனில் 'கேக், வெண்ணெய்' என்று அர்த்தம் என்பதும் தெரிந்துகொள்கிறார். ஆனால் கடைக்காரரிடம் பேசுவது பிரெஞ்சில், இல்லையென்றால் ஆங்கிலத்தில். சாலைகளில் ஊர்ப் பெயர்ப் பலகைகள் இரு மொழிகளிலும் இருக்கின்றன. பலகையைப் பார்த்துப் படம் எடுக்கலாம், அதனால் பேசுபவர் ஒருவர்கூடக் கூடமாட்டார்.

ஒரு மொழி நிலைக்க, குழந்தைகள் அதில் பேச வேண்டும். வீட்டில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டதால், மிச்சம் இருப்பது பள்ளிக்கூடம்தான். 1977-ல் பெற்றோர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து 'திவான்' என்ற பள்ளியைத் தொடங்கினர். பிரெட்டனில் அதற்கு 'முளைத்தல்' என்று பொருள். கணக்கு முதல் விளையாட்டு வரை எல்லாமே பிரெட்டனில். இன்று திவான் பள்ளிகளில் சுமார் 4 ஆயிரம் பேர் படிக்கிறார்கள். அரசுப் பள்ளிகள், கத்தோலிக்கப் பள்ளிகளில் இருக்கும் இருமொழி வகுப்புகளையும் சேர்த்தால் சுமார் 20 ஆயிரம் மாணவர்கள்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்ற வரி 1992-ல் அரசியலமைப்பின் 2-வது பிரிவில் சேர்க்கப்பட்டது. 2008-ல் 75-1 என்ற பிரிவைச் சேர்த்து, வட்டார மொழிகள் பிரான்ஸின் பாரம்பரியச் சொத்து என்றும் அறிவித்தார்கள். பாரம்பரியம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் உரிமை?

2021 ஏப்ரலில், பிரிட்டனியைச் சேர்ந்த எம்.பி. பால் மொலாக் கொண்டுவந்த வட்டார மொழிச் சட்டம் 247-க்கு 76 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசுப் பள்ளிகளிலும் திவான் மாதிரி முழுமையாக வட்டார மொழியில் கற்பிக்க அது வழிவிட்டது. ஆனால் மே 21 அன்று அரசியலமைப்புக் கவுன்சில் அந்தப் பகுதியை ரத்து செய்தது. பெயர்ப் பதிவேடுகளில் பிரெட்டன் எழுத்துக் குறிகளைப் பயன்படுத்த அனுமதித்த பிரிவும் ரத்தானது. அடுத்த வாரமே, மே 29 அன்று, பிரிட்டனியின் கேங்காம், பாஸ்க் பகுதியின் பயோன் உள்ளிட்ட ஊர்களில் மக்கள் தெருவில் இறங்கினர். தீர்ப்புக்குப் பிறகும் திவான் பள்ளிகள் இயங்குகின்றன. ஆனால் அவற்றின் முறையைச் சட்டம் வெளிப்படையாக ஏற்கவில்லை.

ஒட்டுமொத்தத்தில், மேடையில் பாடினால் கைதட்டும் நாடு, வகுப்பறையில் பாடம் நடத்தினால் தயங்குகிறது.

சுற்றுலாவே சிக்கலாகும் இடங்கள்

கடலோர ஊர்களில் வீடுகள் விடுமுறை வாடகைக்கும் பணக்காரர்களின் இரண்டாவது வீடுகளுக்கும் போய்விட்டால், அங்கே பிறந்த இளைஞர்கள் எங்கே குடியிருப்பது? ஊரை விட்டுப் போனால், மொழியும் கைத்தொழிலும் அவர்களோடு போய்விடும். சுற்றுலா காட்ட விரும்பும் அதே வாழ்க்கையைச் சுற்றுலாவே வெளியேற்றிவிடும் ஆபத்து இது.

இதைச் சமாளிக்க, சென்-மாலோ நகரம் 2021-ல் குறுகிய கால வாடகை வீடுகளுக்குப் பகுதிவாரியாக உச்சவரம்பு கொண்டுவந்தது. பிரெயா என்ற குட்டித் தீவு, 2023 கோடையில் ஒரு நாளைக்கு 4,700 பயணிகளுக்கு மேல் வரக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது.

பணத்தைப் பள்ளிக்குத் திருப்பும் ஓட்டம்

விழாவை மொழியோடு இணைக்கும் ஒரு நல்ல முயற்சி 'அர் ரெடாடெக்'. 2008-ல் தொடங்கிய தொடர் ஓட்டம் இது. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையின் பாஸ்க் மக்கள் 1980 முதல் நடத்திவரும் 'கொர்ரிகா' ஓட்டத்தைப் பார்த்து உருவானது. பிரெட்டனில் எழுதிய ஒரு ரகசியச் செய்தியை ஒரு தடிக்குள் வைத்து, இரவு பகலாகக் கைமாற்றிக்கொண்டே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார்கள். கடைசியில்தான் செய்தி வாசிக்கப்படும்.

ஒவ்வொரு கிலோமீட்டரையும் கடைகள், குடும்பங்கள், ஊராட்சிகள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணம் திவான் பள்ளிகளுக்கும் மற்ற பிரெட்டன் மொழித் திட்டங்களுக்கும் போகிறது. கொண்டாட்டம் அன்றோடு முடிந்துவிடாமல், ஒரு வகுப்பறைக்கு வருமானமாக மாறுகிறது.

பிரிட்டனிக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

* ஆகஸ்ட் கூட்டத்தில் போகாமல் மற்ற மாதங்களிலும் போகலாம். ஃபெஸ்ட்-நோஸ் ஆண்டு முழுக்க நடக்கிறது.
* நினைவுப் பொருள் வாங்கும்போது எங்கே செய்தது என்று கேளுங்கள். புவிசார் குறியீடு, 'வாழும் பாரம்பரிய நிறுவனம்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.
* முடிந்தால் பட்டறைக்கே நேரில் போய் வாங்குங்கள்.
* நான்கு சொல் கற்றுக்கொள்ளுங்கள். 'தெமாத்' என்றால் வணக்கம். 'த்ருகாரெஸ்' என்றால் நன்றி. 'யெஹெத் மாத்' என்பது உணவு மேசையில் நல்ல ஆரோக்கியத்துக்கு வாழ்த்து. 'கெனாவோ' என்றால் போய்வருகிறேன்.
* நீங்கள் கலந்துகொள்ளும் விழா, பள்ளிக்கோ மொழி அமைப்புக்கோ நிதி தருகிறதா என்று விசாரியுங்கள்.

என்ன தெரிகிறது?

சுற்றுலா ஒரு கைவினைஞருக்கு வாடிக்கையாளரைத் தரும். ஒரு இசைக் குழுவுக்கு மேடையைத் தரும். ஒரு மொழிக்கு அதனால் கொடுக்க முடிவது கவனமும் கொஞ்சம் பணமும்தான். அந்தக் கவனம் அரசியல் ஆதரவாகவும், அந்தப் பணம் பள்ளிக் கட்டணமாகவும் மாறினால் மட்டுமே பிரெட்டனுக்குப் பயன்.

லோரியான் திருவிழாவின் வெற்றியைச் சொல்ல வந்தவர்களின் எண்ணிக்கை போதும். பிரெட்டன் மொழிக்கு முக்கியமான எண்ணிக்கை வேறு. கூட்டம் கலைந்து, செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது, எத்தனை குழந்தைகள் பிரெட்டன் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் அது.